காசியம்மாளுக்கு அம்மை போடவில்லை

இதை யாருக்கும் காட்டாதீர்கள். பத்தாம் வகுப்பில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உங்கள் சிலருக்கு மட்டும்தான் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். என் பெயரை எழுதவில்லை, ஆனால் கையெழுத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்காதீர்கள். இது வெளியே போனால் எங்கள் வீட்டில் ஒருவர் ஜெயிலுக்குப் போவார்.

சாலை மறியல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை வணக்கத்தில் நாம் எல்லாரும் வரிசையில் நின்றோம். தலைமையாசிரியை மேடைக்கு வந்தார். விடுதி மாணவி காசியம்மாள் அம்மை கண்டு இறந்துவிட்டாள், விடுதிப் பக்கம் யாரும் போகக் கூடாது, விடுதியில் இருக்கும் மலைப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து மறுபடி சொல்லும்வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்றார். அவ்வளவுதான். பாட்டு தொடங்கிவிட்டது. யார் செத்தாலும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது நம் பள்ளி வழக்கம். அவளுக்கு அதுகூட இல்லை. என் பக்கத்தில் நின்றவள் விம்மினாள். டீச்சர் வந்து அவள் தோளைத் தட்டி, அம்மையில் போனவங்களுக்கு அழக் கூடாது, அம்மனுக்கு ஆகாது என்று மெதுவாகச் சொன்னார். நான் தாவணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று அழாமல் நின்ற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு அம்மை போடவில்லை. அழுவதற்குத் தடை எதுவும் இல்லை.

முதலில் அவளைப் பற்றி எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் அவள் நம்மோடு வந்து சேர்ந்தபோது எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பாருங்கள். வெள்ளிமலைக்கும் மேலே ஏதோ ஒரு சின்ன ஊர். கரியவள், ஒல்லி. முதல் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிடும். கணக்கு சார் அவளுக்கு ‘கும்பகர்ணி’ என்று பெயர் வைத்தார், நாமும் அதையே சொல்லிச் சிரித்தோம். ஒருநாள் தூங்கியதற்காகப் பெஞ்சு மேல் நிற்கச் சொன்னார். ஏறி நின்றவள் அப்படியே சரிந்து என் மடியில் விழுந்தாள். நடிக்கிறாள் என்றார் சார். அவள் கை வாழைத்தண்டு போலக் குளிர்ந்திருந்தது. கண்ணைத் திறந்ததும் அவள் கேட்டது தண்ணீர் இல்லை. “உப்பு இருக்குதாடி?” என்றாள்.

உப்புப் பைத்தியம் அவளுக்கு. விடுதியில் சோறு ஆக்கும் குப்பம்மாள் அக்கா உப்புச் சாடியை ஒளித்து வைப்பார். “ஏ கழுத, மாடுகூட இப்பிடி நக்காதுடி” என்று திட்டுவார். திட்டிவிட்டு ஒரு கல்லை அவள் கையில் வைத்து மூடுவார்.

பள்ளிக்கு உடம்பு பார்க்க வந்த கள்ளக்குறிச்சி டாக்டரம்மாவை மறந்திருக்க மாட்டீர்கள். நம் எல்லாருக்கும் எடை பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தவர் காசியம்மாளிடம் வந்ததும் நின்றுவிட்டார். உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். ரேகைகள் மை தடவியது போலக் கறுத்திருந்தன. வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். அங்கும் கறுப்புத் திட்டுகள். உப்பு ரொம்பப் பிடிக்குமா என்று கேட்டார். டாக்டருக்கு ஜோசியம் தெரியும் என்று நாம் பின்னால் நின்று சிரித்தோம். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கணக்கு சாரைக் கூப்பிட்டு, “இந்தப் பொண்ணு சோம்பேறி இல்ல சார், இவ்ளோ நாள் உயிரோட இருக்கிறதே பெருசு” என்றார். அதற்குப் பிறகு சார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

அவளைப் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவள் வேறு ஆள். காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, சாயங்காலம் பாதி. அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனால் நமக்கெல்லாம் முன்பே எழுந்து, கிணற்றடியில் குளித்துவிட்டு, முதல் பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பயமாகக்கூட இருந்தது. கரும்பலகையில் சார் தப்பாக ஒரு கழித்தல் குறி போட்டால் அவர் கையை எடுப்பதற்குள் சொல்லிவிடுவாள். அரையாண்டுப் பரீட்சையில் முதலாவது வந்தாள்.

கோமுகி வாய்க்கால் கரையில் துணி துவைத்துக்கொண்டே, அந்த மாத்திரையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவளைக் கேட்டேன். சிறுநீரகத்தின் தலையில் குல்லா போட்டது போல ஒரு சின்னச் சுரப்பி உண்டாம். அட்ரீனல் என்று பெயர். அது சுரக்கும் நீர் ரத்தத்தில் போனால்தான் மூளைக்கு வேண்டிய சர்க்கரை கிடைக்கும், ரத்த அழுத்தம் நிற்கும், உப்பு உடம்பில் தங்கும். அவளுக்கு அந்தச் சுரப்பி கெட்டுப்போயிருந்தது. டாக்டரம்மா சொன்னதை அவள் தன் ஊர்ப் பேச்சாக மாற்றி வைத்திருந்தாள்.

“எங்க கொல்லையில சாமை வெளஞ்சா பன்னி வந்துடும். பரண் மேல ஆளுங்க குந்திக்கினு இருப்பாங்க. பன்னி வந்துட்டா தகரத்தத் தட்டிக் கத்துவான் பாரு, அவன்தான் அட்ரினலின். கொஞ்ச நேரந்தான், ஆனா ஊரே எழுந்துக்கும். அது ஒண்ணு போதுமா? நெருப்பு அணையாம ராத்திரி முச்சூடும் வெறகு தள்ளிக்கினு ஒருத்தன் இருக்கணும். அவன் கார்ட்டிசால். எனக்கு அந்த ஆளு வேலைக்கே வரலடி.”

நான் விடவில்லை. அவ்வளவுதானா மூளைக்குள் என்று கேட்டேன். இன்னும் இரண்டு பேர் இருப்பதாகச் சொன்னாள். நார்அட்ரினலின் என்பவன் டார்ச்சு லைட்டு வைத்திருப்பவன். காடெல்லாம் அடிக்காமல் சத்தம் வந்த புதரில் மட்டும் வெளிச்சத்தை நிறுத்துவான். டோபமைன் என்பவன், அறுப்பு முடிந்ததும் என்ன சோறு பொங்கலாம் என்று பேசிப் பேசி மற்றவர்களை எழுந்து போகாமல் உட்கார வைப்பவன். இந்த நாலு பேரும் சேர்ந்தால்தான் ஒரு பிள்ளை பாடத்தைக் கவனிக்க முடியும். கவனிக்காத பிள்ளையைத் திட்டும் முன் இவர்களில் யார் வரவில்லை என்று பார்க்க வேண்டும் என்றாள். நம் அறிவியல் புத்தகத்தில் நாளமில்லாச் சுரப்பிகள் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. நான் அதை மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கினேன். புரிந்தது அன்றுதான்.

எனக்குப் பரீட்சை என்றால் கை நடுங்கும், தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். உங்களுக்குத் தெரியும். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. தகரம் தட்டுகிறவன் விடாமல் தட்டினால் டார்ச்சுக்காரன் எந்தப் பக்கம் அடிப்பான் என்றாள். அந்த நீர் குறைந்தாலும் கவனம் போகும், கூடினாலும் போகும். பரீட்சை மணி அடிக்கும் முன்பு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நெஞ்சு அடிச்சிக்கினா அடிச்சிக்கட்டும். தகரக்காரன் உனக்கு ஒத்தாசைக்கு வந்துக்கிறான், அவனப் போயி தொரத்தறியே” என்பாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கிவிடும்.

போராட்டம் சூடானபோது வகுப்பில் நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் ஜனத்துக்குத் தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்று அப்பாவும் சித்தப்பாவும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். என் அண்ணனுக்கு நல்ல மார்க்கு இருந்தும் காலேஜில் இடம் கிடைக்காமல் அவன் கரும்பு வெட்டப் போன வருத்தம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அந்தக் கோபத்தில் நம்மில் ஒருத்தி அவளைப் பார்த்து, “உனக்கு இன்னாடி, மலைக் கோட்டா இருக்குது, தூங்கிக்கினே டாக்டராய்டுவ” என்றாள். காசியம்மாள் கோபப்படவில்லை. “கோட்டாவுல சீட்டு குடுப்பாங்க, முழிப்பு குடுப்பாங்களா? அத நான் மாத்தரையிலதான் வாங்கணும்” என்றாள். சொன்னவளே சிரித்துவிட்டாள். பிறகு என்னிடம் தனியாக, உங்க அண்ணன் விஷயத்தில் உங்கப்பா கேட்கிறது நியாயம்தான், எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போனவனே கிடையாது, அதுவும் நியாயம்தான் என்றாள். இரண்டு நியாயத்தையும் ஒரே மூச்சில் சொன்ன வேறு ஆளை நான் அந்த வருடத்தில் பார்க்கவில்லை.

இனி எழுதப் போவதற்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மறியல் வாரத்தில் புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இல்லை. நம் கச்சிராயபாளையத்தில் இருந்த ஒரே டாக்டரும் வெளியூரில் மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து விடுதியில் காய்ச்சல் பரவியது. மற்ற பிள்ளைகள் கஞ்சி குடித்துப் படுத்து எழுந்துவிட்டார்கள். காசியம்மாளின் உடம்பு அப்படிப்பட்டதல்ல. காய்ச்சல் வந்தால் நம் உடம்பு தானாகவே அந்த நீரை அதிகமாகச் சுரந்துகொள்ளும். அவளுக்கு மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும், வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும், தாமதித்தால் உயிர் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்கு வாந்தி வந்துவிட்டது. போட்ட மாத்திரை எதுவும் தங்கவில்லை.

குப்பம்மாள் அக்கா ஒரு கரும்பு வண்டிக்காரரைக் கெஞ்சிக் கூட்டி வந்தார். கள்ளக்குறிச்சிக்குப் போகும் வழியில் வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டிப்பாதையை மட்டும் நம் ஆட்கள் விட்டு வைத்திருந்தார்கள். பால் வண்டியும் பிரசவத்துக்குப் போகிறவர்களும் மட்டும் போகலாம். காய்ச்சல் என்று சொன்னால் விடமாட்டார்கள் என்றார் வண்டிக்காரர். முந்தின நாள் அப்படிச் சொல்லித் தாண்டிப் போனவர்கள் கல்யாண வீட்டுக்குப் போனது தெரிந்து ஆட்கள் கோபமாக இருந்தார்களாம். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வண்டியைச் சுற்றி வேப்பிலைக் கொத்துகளைக் கட்டினார். மாரியம்மன் இறங்கிய வண்டி என்றால் கிட்டே வந்து யாரும் சோதிக்க மாட்டார்கள், ஒதுங்கி வழிவிடுவார்கள் என்று நினைத்தார். குப்பம்மாள் அக்காவும் காசியம்மாள் நெற்றியில் மஞ்சளைப் பூசினார்.

ஒதுங்கத்தான் செய்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். ஆனால் வழிவிடவில்லை. அம்மை பார்த்தவர்களை நம் பக்கத்தில் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்களா? ஊசி போட்டால் அம்மன் உக்கிரமாகிவிடுவாள் என்பதுதானே நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தது. உயிர்மேல் ஆசை இருந்தால் வண்டியை வீட்டுக்குத் திருப்பு, வேப்பிலையில் படுக்கவை, இளநீர் கொடு என்று சொல்லியிருக்கிறார்கள். நாலு இளநீரும் வெட்டி வண்டியில் வைத்திருக்கிறார்கள்.

பள்ளி திறந்த அன்று நான் யாருக்கும் தெரியாமல் விடுதிக்குப் பின்பக்கம் போனேன். குப்பம்மாள் அக்கா அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தார். இதை எல்லாம் அவர்தான் சொன்னார். “அப்பவே நெஜத்தச் சொல்லியிருக்கலாம்மா. அம்மா பேர்ல பொய் சொல்லிட்டமே, இப்ப இல்லன்னா அடிச்சிக் கொன்னுடுவாங்களே, சாமி வேற சும்மா வுடுமான்னு நாக்கு ஒட்டிக்கிச்சி. அந்தப் புள்ள வண்டிக்குள்ள கண்ண மூடிக்கினே, ஊசி போடணும்னு சொல்லுக்கா சொல்லுக்கான்னுது. நா சொல்லல. ஒரு ஆளு வந்து மூக்கணாங்கயித்தப் புடிச்சி அவரே வண்டியத் திருப்பினாரு. நல்ல மனுசன். கண்ணுல தண்ணி வெச்சிக்கினு கும்புட்டாரு.”

பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அது அம்மைச் சாவுதான் என்று ஊரே சொன்னது. வேப்பிலை கட்டிய வண்டியை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவள் பாயையும் துணியையும் கொளுத்தினார்கள். அவசரமாகப் புதைத்தார்கள். மலையிலிருந்து அவள் அப்பா வந்து சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நல்ல மனுசன் யார் என்று குப்பம்மாள் அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வண்டி திரும்பிய அன்று மதியம் எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் அம்மாவிடம் சொன்னார். “அம்மா எறங்குன வண்டி ஒண்ணு வந்துச்சி. பாவம், அறியாத ஜனம், ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவுதுங்க. நானே மூக்கணாங்கயித்தப் புடிச்சி திருப்பி அனுப்பினேன். ஒரு உசுரக் காப்பாத்திட்டேன்.” அம்மா கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வண்டிக்குள் இருந்தது யார் என்று எனக்கு அப்போது தெரியாது.

என் அப்பா கெட்டவர் இல்லை. உங்களுக்கும் அவரைத் தெரியும். மரம் வெட்டியதற்காகப் போலீஸ் அவரைத் தேடுகிறது. கரும்புத் தோட்டத்தில் படுத்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் வந்து சாப்பிட்டுப் போகிறார். இப்போதும் அவர் ஓர் உயிரைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மை தெரிந்தால் மர வழக்கோடு இதுவும் சேரும். அதைவிட, தெரிந்த பிறகு அவர் எப்படிச் சாப்பிடுவார், எப்படித் தூங்குவார் என்று நினைத்துத்தான் நான் பயப்படுகிறேன்.

நேற்று காசியம்மாளின் அப்பா பள்ளிக்கு வந்தார். கேட்டுக்கு வெளியேதான் நிறுத்தினார்கள், அம்மை ஒட்டிக்கொள்ளும் என்று. இடைவேளையில் நான் தண்ணீர்க் குழாய்க்குப் போவது போல அந்தப் பக்கம் போனேன். அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. வாட்ச்மேனிடம் கேட்டது ஒன்றுதான். “மூஞ்சியப் பாத்தவங்க சொல்றாங்க, ஒரு முத்துகூட இல்லன்னு. அப்பறம் எப்பிடிங்க அம்மை? எம் பொண்ணு எதனால செத்துச்சி? அதச் சொல்லுங்க, போயிடறேன்.” வாட்ச்மேன் தெரியாது என்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் குழாயை மூடாமலே வந்துவிட்டேன். அவர் போகவில்லை, கேட்டுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இன்று காலையிலும் அங்கேயே இருந்தார்.

அவளுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை, எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார்கள். ஒரு பழக்கம் மட்டும் அவளிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. எந்தக் கேள்வியையும் பாதியில் விடமாட்டாள். நாம் எல்லாரும் கேள்வித்தாளை வாங்கியதும் எழுதத் தொடங்குவோம். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கேள்வியை உதடு அசைய முழுசாகப் படித்து, கண்ணை மூடி, அது என்ன கேட்கிறது என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். அப்புறம்தான் பேனாவை எடுப்பாள். நான் வைத்துக்கொள்வது அதைத்தான். அவள் அப்பா கேட்டதை அப்படித்தான் முழுசாகக் கேட்டேன். அவர் யாரையும் பிடித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. எதனால் என்றுதான் கேட்கிறார். அந்தப் பதில் கிடைத்தால் அவர் தன் ஊரில் போய் மகளுக்காக அழலாம். நம் வகுப்பு மலைப் பிள்ளைகளும் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்காரலாம்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அப்பா அடுத்தமுறை சாப்பிட வரும்போது சோறு போட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பள்ளி கேட்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கப்பா என்பேன். போலீஸ் வாயிலிருந்தோ ஊர் வாயிலிருந்தோ அது அப்பா காதுக்கு வரக் கூடாது. என் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவர் அடித்தாலும்

கதவைத் தட்டுகிறார்கள். நடு ராத்திரி, அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறார். அப்பாவாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுவேன். ஆனால் அப்பா தோட்டத்துப் பக்கமாகத்தான் வருவார். இது வாசல் கதவு. வெளியே போலீஸ் லாரி சத்தமும்